எதிரணி ஆள் நம் வீட்டுக் கட்டிலில்

லங்காஷயர்,
1889 நவம்பர், புதன்கிழமை.

அன்பு மகள் ரோடாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ஜெத்ரோவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே. நீ வேலை செய்யும் ஆலையிலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், ஒன்று பத்தாகி உன் காதுக்கு வருவதற்குள் நானே நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை லீக் கால்பந்தாட்டம். போன வருடம் இந்த லீக்கை ஆரம்பித்ததிலிருந்தே நம் ஊருக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து டன்ஷாவுக்கும் ஆட்டம் என்றால் கல்யாண வீடும் கலவரமும் சேர்ந்தது போலத்தான், தனி ரயில் பிடித்து வந்திருந்தார்கள். மைதானத்தின் இந்தப் பக்கத்துக் கோல் கம்பம் நம் கொல்லைச் சுவருக்கு எதிரில்தான் இருக்கிறது, அதனால் நான் சேற்றில் போய் நிற்காமல் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். யாரும் கோல் போடவில்லை, வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. டன்ஷாவின் கோல் காப்பாளர் ஓபெத் ரிம்மர் என்று ஒருவர், கதவு அகலம் ஆள், தலைக்கு மேலே வந்த பந்தை எம்பிப் பிடித்தார். நம் ஜெத்ரோ ஓடி வந்த வேகத்தில் தோளால் ஒரு இடி இடித்தான். பந்தும் ஆளுமாக இடித்து உள்ளே தள்ளுவது ஆட்டத்தில் உள்ளதுதான், நடுவரும் பிறகு தப்பில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அந்த மனிதரின் தலை கம்பத்தில் மோதிய சத்தம், தறிச் சத்தத்தில் பாதி செவிடான என் காதுக்கே ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி எட்டியது ரோடா. கோல் என்று கூட்டம் தொப்பிகளைத் தூக்கி எறிகிறது, கூட்டாளிகள் இவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள், இவன் சிரித்துக்கொண்டே மேலேயிருந்து திரும்பிப் பார்த்தான். அவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். இவன் தோளிலிருந்து அப்படியே குதித்து அவரிடம் ஓடினான்.

பக்கத்தில் இருந்த வீடு நம் வீடுதான். கொல்லைக் கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்தித் தூக்கி வந்தார்கள், நீ படுத்திருந்த கட்டிலில்தான் போட்டோம். காதிலிருந்து ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, மண்டை ஓடு விரிந்திருக்கலாம், வண்டியில் ஏற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும், இந்த வீட்டில் ஒரு சத்தமும் கூடாது என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார், அங்கே போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆலை இரைச்சலில் பழகிய நம் தறிக்காரர்களுக்கு உதட்டைப் பார்த்தாலே பேச்சுப் புரியும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. போலீஸ்காரரின் உதட்டை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "இந்தாளு போயிட்டா இந்தக் கிரிம்ஷா வீட்டுப் பையன நான் கூட்டிட்டுப் போயித்தான் ஆவணும் டாக்டர். வெளையாட்டோ வெனையோ, ஆள் செத்தா கேசுதான்" என்றார். டாக்டர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார், அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. அந்தத் தெரியாத பதிலைத்தான் நான் இரண்டு நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு நடமாடினேன்.

வாசலில் டன்ஷாக்காரர்கள் கூடிவிட்டார்கள், அந்தக் கசாப்புக்காரனை வெளியே அனுப்பு என்று கத்தினார்கள். நம் ஆட்கள் சும்மா இருந்தார்களா, "இடிச்சா விழுவான், அதுக்குப் பயந்தா அவன் ஆத்தா மடியில ஒக்காந்து வெளையாட வேண்டியதுதான, கோலு கோலுதான்டா" என்று பதிலுக்குக் கத்தினார்கள். ஒரு மண்ணாங்கட்டி முன் ஜன்னலை உடைத்தது. சத்தம் கூடாது என்றாரே டாக்டர், அந்தச் சத்தத்திலேயே ரிம்மரின் மூச்சு நின்றுவிடுமோ என்று நான் அவர் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். ரயிலுக்கு நேரமாகித்தான் அவர்கள் போனார்கள். ஜெத்ரோ கரிக் கொட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டான், உள்ளே வரவே மாட்டேன் என்றான். நான் அடுப்புக்குக் கரி அள்ளப் போகும்போதெல்லாம், "மூச்சு இருக்காம்மா" என்று அந்த ஒன்றையே கேட்டான்.

உன் அப்பாவின் சமாசாரத்தைக் கேள். ஒரு பையில் இவன் சட்டைகளையும் ரொட்டியையும் திணித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய், "எந்திரிடா, லிவர்பூலுக்கு நடந்துரு, கப்பல்ல ஏறிட்டா அக்கா இருக்கா, அவ பாத்துக்குவா" என்றார். உன் அப்பா, வேதக் கட்டளைக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை செருப்பைக்கூடத் துடைக்காதவர், மகனைச் சட்டத்துக்குத் தப்பி ஓடச் சொல்லுகிறார். நான் தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஜெத்ரோதான், "அவரு கண்ணத் தொறக்காம நான் எங்கயும் போவலப்பா, நான் ஓடினா வேணும்னு பண்ணதாத்தான் ஆவும்" என்றான். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே கரிமேல் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிம்மரின் மனைவி வந்தாள். செலினா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். அன்றைக்கு ரயில் இல்லை, மலை தாண்டி மழையில் நடந்தே வந்திருக்கிறாள், மரச்செருப்பெல்லாம் சேறு. யார் முகத்தையும் பார்க்காமல், "எங்க அவரு" என்று மட்டும் கேட்டாள். அவளும் தறிக்காரிதான். அதனால் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் உதட்டாலேயே பேசிக்கொண்டோம். நான் ஸ்பூனால் அவர் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒங்க மவனுக்காகத்தான் இவருக்குத் தண்ணி ஊத்துறீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சொல்ல முடியவில்லை, பாதி அதுதானே உண்மை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அவர் வாயோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "பரவால்ல, எதுக்காச்சும் ஊத்துங்க, நிறுத்திறாதீங்க" என்றாள். அவர் மூச்சு ஒரு முறை இழுத்து நிற்கும், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், மறுபடி வரும். எத்தனை முறை செத்துப் பிழைத்தோம் என்று கணக்கில்லை.

திங்கட்கிழமை ஆலைச் சங்கு ஊதியபோது அவர் கண்ணைத் திறந்தார். "செலினா, வேலைக்கு நேரமாச்சா" என்றார். அவள் எழுந்து சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் போலீஸ்காரர் வந்து வேண்டுமென்றே இடித்தானா என்று அவரிடம் கேட்டார். "பந்து வந்துச்சு, புடிச்சேன், அப்பறம் இந்தக் கட்டிலுதான் தெரியும். கோலுல நிக்கிறவன இடிக்கத்தான் செய்வாங்க, நான் என்ன கண்ணாடிச் சாமானா" என்றார். சரி என்று போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், கேசு இல்லை. ஆனால் இடது கை விரல்கள் அவருக்கு மடங்கவில்லை ரோடா, நூல் இழையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். என் மகன் தப்பித்தான் என்று மூச்சு விடும்போதெல்லாம் அந்த விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

பயம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த மாதம் டன்ஷாவில் திரும்ப ஆட்டம் இருக்கிறது, அவன் காலோடு வந்தால் கால் இல்லாமல்தான் போவான் என்று அங்கே சாராயக் கடைகளில் பேசிக்கொள்கிறார்களாம். நம் ஆட்டக் கழகத்துக்காரர்களோ ஜெத்ரோ இல்லாமல் முடியாது என்கிறார்கள். இவன் போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ ஒரு வரி எழுதினால் கேட்பான், என்ன எழுதுவாயோ எழுது.

இன்றைக்குக் காலையில்தான் ரிம்மரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக டாக்டர் சம்மதித்தார். அதே கதவில் மெத்தை போட்டுக் கிடத்தி, அப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் தூக்க வந்தார்கள். ஜெத்ரோ அதுவரை அந்த அறைக்குள் நுழைந்ததே இல்லை, இன்று வந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் சுவரோரம் நின்றான். யாரோ கால் பக்கம் அவனுக்கு இடம் விட்டார்கள். செலினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள், நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அங்க வேணாம்" என்றாள். அவன் விலகினான். "தலப்பக்கம் நீ புடி தம்பி. மெதுவா" என்றாள். உன் தம்பி ஸ்டேஷன் வரைக்கும் யாருக்கும் கை மாற்றிக் கொடுக்கவில்லை.

குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்குள் அனுப்புகிறேன், அதுவரை அதன் நெஞ்சை மூடியே வை. ஜெத்ரோ என்றைக்காவது உன் வாசலில் வந்து நின்றால் ஓடி வந்தவன் என்று நினைத்துவிடாதே, ஓடச் சொன்னபோது ஓடாதவன் அவன். பதில் எழுத மறக்காதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஹெஸ்டர் கிரிம்ஷா.