முழங்கால் தண்ணீர்

மேனாம்பேடு, அம்பத்தூர்,
மார்கழிக் கடைசி.

அன்புத் தம்பி தமிழரசுக்கு,

அக்கா ஹேமாவதி எழுதுகிறேன். மதுரையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று உன் சேனல் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன்.

தேவிக்கு மூன்று வயது நடக்கிறது. தை இரண்டாவது வெள்ளிக்கிழமை திருவேற்காட்டில் காது குத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்கு உடன்பிறந்தவன் நீ ஒருவன்தான். என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாமா, அந்தச் சேனல்காரன் எவனும் என் படி ஏறக்கூடாது என்கிறார். நீயோ, டிவிக்காக டிராமா போட்ட மனுஷன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சித்தியிடம் சொன்னாயாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே நான்தான் அந்த மத்தளம்.

நடந்ததை ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள்ளும் வந்தது. அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நானும் தேவியும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போனில் உன் சேனலைப் போட்டேன். அம்பத்தூரில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு வாசித்தாள். படத்தில் மேம்பாலம். மேம்பாலத்தில் என்றைக்கடா தண்ணீர் நின்றது? அதை எழுதிக் கொடுத்தது நீ என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. மேலிடத்தில் சொன்னதை எழுதினேன் என்பாய். அக்கா வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே.

இவர் மட்டும் யோக்கியமா? மதியம் இவர் விடாமல் பார்க்கிற சேனலின் ஆட்கள் வந்தார்கள். இன்னா அண்ணாத்தே, தண்ணி முட்டிவரிக்கும்தான் கீது, கொஞ்சம் குந்திக்கோ, அப்பத்தான் எடுப்பா தெரியும் என்று கேமராக்காரன் சொல்ல, இவரும் குந்திக்கொண்டார். மார்பளவுத் தண்ணீரில் தவிக்கும் தொழிலாளி என்று நாள் முழுக்க ஓட்டினார்கள், சோக இசையோடு. மறுநாள் இவர் வேலை செய்யும் லேத் பட்டறையில் எல்லாரும் கைகொடுத்தார்களாம். அதில் மனுஷனுக்குப் பெருமை வேறு.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற கதைதான். முடிவெட்டும் கடையில் இவர் சேனல் ஓடுகிறது, டீக்கடையில் உன்னுடையது. எதிர் அடுக்குமாடியில் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் பார்ப்பதில் எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள்ளிருந்து இங்கிலீஷில் கத்துகிறார்கள். எங்கள் தெரு அதில் வரவே இல்லை. இதில் கூத்து என்னவென்றால், அதே தண்ணீரில் நடந்தவர்களே இன்றைக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்று டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

வேறொரு மாமனைப் பிடி என்றார் இவர். மாமன் என்ன சந்தையிலா விற்கிறான் என்று கேட்டேன்.

தேவி இப்போதெல்லாம் டிவியில் கோட்டுப் போட்டு யார் வந்தாலும் மாமா என்று கையைக் காட்டுகிறாள். நேற்று உன் சேனலைப் பார்த்தும் அப்படித்தான் கத்தினாள். மாற்றுவதற்கு ரிமோட்டை எடுத்தவர் மாற்றவில்லை. சாப்பிடும்போது, உன் தம்பி வர்றதுன்னா கேமரா இல்லாம வரச்சொல்லு, தண்ணி எதுவரிக்கும் வந்துச்சுன்னு அவனே பாக்கட்டும் என்றார். இதற்குமேல் இறங்கி வர அந்த மனுஷனுக்குத் தெரியாது.

சுவரில் தண்ணீர்க் கறை அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். வந்து உன் காலை வைத்தே அளந்து பார். சரியாக முழங்கால். மார்பும் இல்லை, மேம்பாலமும் இல்லை. அளந்த பிறகு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு என்னோடு கோயிலுக்கு வாருங்கள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அலறித் துள்ளுவாள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள உன் கை வேண்டும். எங்கிருந்தாலும் நன்றாக இரு, ஆனால் அன்றைக்கு இங்கே இரு.

இன்னும் கோபம் ஆறாத உன் அக்கா,
ஹேமாவதி.