ஜெபா, அந்த வரியை எடுத்துவிட்டார்கள்

என் செல்ல ஜெபா,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

பொதுக் கொள்கை முதுகலை வகுப்பில் எனக்கு முப்பத்தாறு வயது, உனக்கு இருபத்திரண்டு. எல்லோரும் என்னை மேடம் என்று தள்ளிவைத்தபோது, "கலாக்கா, டிபன்ல என்ன இருக்கு?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நீ. தாம்பரத்தில் அந்த ஆய்வு நிறுவனத்தில் நம் இருவருக்கும் ஒன்றாக இன்டர்ன்ஷிப் கிடைத்ததும் என்னைவிட நீதான் குதித்தாய்.

நமக்குத் தந்த வேலை சின்னதுதான். ஊரப்பாக்கம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடைமேம்பாலம் இருந்தும் மக்கள் ஏன் வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறார்கள் என்று கண்டறிய வேண்டும். நான் நிழலில் நின்று தலைகளை எண்ணினேன். நீ வெயிலில் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசிக் குறிப்பேட்டில் எழுதினாய்.

மீன் கூடையோடு நின்ற அந்த அம்மாவை நினைவிருக்கிறதா? "ஏம்மா, பாலத்து மேல போகலாமே?" என்று கேட்டாய்.

"முட்டி தேஞ்சி பூட்ச்சி கண்ணு. கூடைய நீ தூக்கினு வர்றியா?" என்றார்.

நீ நிஜமாகவே தூக்கிக்கொண்டு ஏறினாய். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாய். கீழே நின்று நானும் பார்த்தேன்.

நம் திட்ட மேலாளர் வரைவு அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மக்களின் சோம்பலே முக்கியக் காரணம்.' கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய். "சோம்பல் இல்ல சார். அவங்களால ஏற முடியல. கலாக்காவும் பார்த்தாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?"

"நான் எண்ணிக்கை மட்டும்தான் எடுத்தேன் சார்" என்றேன்.

அந்த அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகப் போவது எனக்குத் தெரியும், ஜெபா. இந்த வயதில் இதை விட்டால் வேறு எங்கே வேலை கிடைக்கும் என்ற பயம். வேறு காரணமே இல்லை.

சாயங்காலம் ரயிலில் நீ ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாய். ஊரப்பாக்கத்தில் இறங்கும்போதுதான், "பரவால்லக்கா" என்றாய். என்னைத் திட்டியிருக்கலாமே?

மறுநாள் காய்ச்சல் என்று லீவு சொன்னாய். டெங்கு என்றார்கள். நாளைக்குப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் உன் அப்பா போன் செய்தார்.

இப்போது சேதிக்கு வருகிறேன். அறிக்கையை முடிக்கும் கூட்டத்தில் நானாகவே கையைத் தூக்கினேன். "அன்னிக்கு நான் சொன்னது சரியில்ல சார். நானும் பார்த்தேன்."

"இப்ப ஏன் மேடம் இதைச் சொல்றீங்க?"

"ஜெபா இருக்கும்போதே சொல்லியிருக்கணும் சார்."

அவர் இரண்டு நாள் கழித்து உன் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். அந்த வரியை எடுத்துவிட்டார்கள். நீ எடுத்த பேட்டிகளெல்லாம் உன் பெயரோடு தனி அத்தியாயமாக வந்திருக்கின்றன. பாலத்துக்கு லிஃப்ட்டும் கீழே ஒரு சிக்னலும் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இதனால்தானா என்று நான் கேட்கவும் இல்லை.

போன ஞாயிறு, நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரமாகப் பார்த்து அறிக்கையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். பார், இன்னும் உன்னையும் சேர்த்து 'நீங்கள்' என்றுதான் எழுத வருகிறது. "இங்கிலீஷ்ல இருக்கேம்மா. எம் பொண்ணு எழுதினத தமிழ்ல சொல்லேன்" என்றார் உன் அப்பா. வரி வரியாகச் சொன்னேன். மீன்கார அம்மா பேசிய இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு எழுந்து வெளியே போனவர் வெகு நேரம் உள்ளே வரவில்லை.

அப்போதுதான் அன்று கூட்டத்தில் நான் பொய் சொன்னதை உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சல்ல படுத்திருக்கும்போதே சொல்லிட்டாம்மா. அக்கா பாவம், பயந்துட்டாங்க, அவங்கள ஒண்ணும் நெனைக்காதீங்கன்னு சொன்னா."

அவ்வளவு காய்ச்சலிலும் எனக்காகப் பேசியிருக்கிறாய். அன்று உனக்காக ஒரே ஒரு 'ஆமாம்' சொல்ல எனக்கு வாய் வரவில்லையே.

இனி நான் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும், உன்னைப் போல ஒரு பெண் எழுந்து நின்று உண்மையைச் சொன்னால், அவளைத் தனியாக நிற்க விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்காவிட்டாலும் என்றும்
உன் கலாக்கா