கல்யாணம் ஆனவள் ‘இன்னும் இல்லை’ என்று சொன்னது குறித்து

அனுப்புநர்:
ஜெத்ரோ பகாதுவான்,
லிப்ட் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
418, ஹேலிஸ் தெரு, கதவு எண் 6,
வினிபெக், மனிடோபா, கனடா.

பெறுநர்:
மறுபரிசீலனை அதிகாரி அவர்கள்,
குடும்ப இணைப்பு விசாப் பிரிவு.

பொருள்: என் மனைவி ஜெனலின் அக்பயானியின் (பங்கசினான் மாகாணம், பிலிப்பைன்ஸ்) விசா விண்ணப்பம் – போலித் திருமணம் எனக் கூறி ஐந்தாண்டுத் தடை விதிக்க உத்தேசித்திருப்பதை எதிர்த்தல் – விண்ணப்பத்தை வாபஸ் பெற மறுத்தல் – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 20.11.2023.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தங்கள் அறிவிப்பின் அடியில் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் இருந்தது. அதனால் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. நான் பதினோரு வயதில் பெற்றோருடன் பிலிப்பைன்ஸிலிருந்து வினிபெக் வந்தவன். கனடா குடிமகன். ஜெனலினுக்கும் எனக்கும் இந்த ஆண்டு மார்ச் 14 அன்று, அவளுடைய ஊர் நீதிபதியின் முன்னிலையில் சட்டப்படி திருமணம் நடந்தது. பதிவுச் சான்றிதழ் மே மாதமே தங்களிடம் வந்துவிட்டது. அது போலி என்று தாங்களும் சொல்லவில்லை. சான்றிதழ் உண்மை, கல்யாணம் பொய் என்கிறீர்கள்.

2. தங்கள் அறிவிப்பு மூன்று காரணங்களைச் சொல்கிறது. ஒன்று, அக்டோபரில் தங்கள் அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது ஜெனலின் தனக்குத் திருமணம் ஆகவில்லை என்று சொன்னாள். இரண்டு, திருமணத்தில் வெள்ளை உடை இல்லை, விருந்து இல்லை, உறவினர் இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. மூன்று, நாங்கள் மணிக்கணக்கில் வீடியோ அழைப்பில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் எழுதிய செய்திகள் மிகக் குறைவு. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. மூன்றும் நடந்தவைதான். அவற்றிலிருந்து தங்கள் அதிகாரி எடுத்த முடிவுதான் தப்பு.

3. எங்கள் மக்களிடம் சுகோப் என்று ஒன்று உண்டு. உடன்பிறந்த இருவர் ஒரே ஆண்டில் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் ஒருவரின் நல்வாழ்வை மற்றவர் தின்றுவிடுவார் என்பது நம்பிக்கை. ஜெனலினின் அக்கா மெர்லிதாவுக்கு இந்த டிசம்பர் 28 அன்று கல்யாணம் என்று முன்பே முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ஆர்னெல் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர். அவருக்கு விடுப்பு கிடைப்பது அப்போதுதான். என் அவசரம் வேறு. விண்ணப்பம் எவ்வளவு சீக்கிரம் வரிசையில் நிற்கிறதோ அவ்வளவு சீக்கிரம் என் மனைவி வருவாள். அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு மனமில்லை.

4. என் மாமியார் திருமதி பெலிசா அக்பயானி இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “நீதிபதிகிட்ட போடுறது வெறும் கையெழுத்து. சாமி முன்னாடி நடந்தாத்தான் கல்யாணம். போட்டுக்கோங்க. ஆனா புதுத்துணி கூடாது, மோதிரம் கூடாது, போட்டோ கூடாது. வருஷம் பொறக்குற வரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது.” அன்று நாங்கள் வேலைக்குப் போகிற உடையில் போனோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் நீதிபதியின் அலுவலகத்தில் இருந்த இருவர். வெளியே வந்து, பசிக்கிறது, பன்சித் நூடுல்ஸ் சாப்பிடலாம் என்றேன். ஜெனலின் கையைப் பிடித்து இழுத்தாள். “பைத்தியமா? அது விசேஷத்துக்குப் பண்றது. அம்மா கேட்டா கொன்னுடுவாங்க. ரொட்டி வாங்கு.” ஆளுக்கு ஒரு ரொட்டியும் ஒரு கோலாவும் சாப்பிட்டோம். தங்கள் படிவத்தில் ‘திருமண வரவேற்பின் விவரம்’ என்ற கட்டத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதியதன் பொருள் இதுதான்.

5. திருமண அனுமதிக்கு முன் எங்கள் பெயர்கள் நகராட்சி அறிவிப்புப் பலகையில் பத்து நாள் ஒட்டப்பட்டிருந்தன. இவ்வளவு பகிரங்கமாக இருந்தது உறவினருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று தங்கள் அதிகாரி குறிப்பில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதன்மேல் யாரோ சேவற்சண்டை நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. என் மாமியார் அந்த வாரம் பசை காய்ச்சினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

6. இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. தங்கள் அதிகாரியின் குறிப்பை முறைப்படி விண்ணப்பித்து வாங்கிப் படித்தேன். அதில் கேள்வியும் பதிலும் இருக்கின்றன. அவள் எங்கே நின்று பதில் சொன்னாள் என்பது இல்லை. அதை நான் சொல்கிறேன். அன்று மெர்லிதாவின் கல்யாண உடைக்கு அளவு பார்க்க வீடு நிறைய ஆட்கள். ஜெனலின் மற்ற பெண்களோடு உட்கார்ந்து பச்சரிசிப் பலகாரத்தை இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மாவு. போன் அடித்தது. ஜெனலினின் விர்ஜி சித்தி உதவி செய்வதாக நினைத்து, பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். தங்கள் அதிகாரியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஜெத்ரோ பகாதுவானுடன் உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் வெள்ளை உடையில் ஊசிகளோடு அக்கா நின்றாள். சமையலறை வாசலில் அம்மா. ஜெனலின், “இன்னும் இல்லைங்க சார்” என்றாள். எப்போது என்று கேட்டார். “ஜனவரிக்கு மேல, சார்.” விர்ஜி சித்தி விடவில்லை. “கேட்டீங்களாடி, ‘இன்னும்’ இல்லையாம். குரல்ல ஏக்கத்தைப் பாரு. இவளையும் இந்த மேடையிலயே ஏத்தி விட்டுடலாம் போல.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தங்கள் அதிகாரி ‘பின்னணியில் பலர் சிரிக்கும் சத்தம், கேள்விகளை அலட்சியமாக எடுத்துக்கொண்டார்’ என்று பதிந்திருக்கிறார்.

7. அழைப்பு முடிந்ததும் ஜெனலின் கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்கு ஓடி அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தாள். அந்த எண்ணுக்கு அழைப்புகள் வராது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. உடனே நடந்ததை எல்லாம் எழுதித் தங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். கிடைத்தது என்ற தானியங்கிப் பதிலும் வந்தது. இரண்டின் நகலும் இணைத்துள்ளேன். அறிவிப்பில் அந்த மின்னஞ்சல் ‘சந்தேகம் எழுந்த பிறகு அளித்த விளக்கம்’ என்று தள்ளப்பட்டிருக்கிறது. ஐயா, சந்தேகம் எங்களுக்குத் தெரிந்தது நவம்பரில். அவள் எழுதியது அழைப்பு வந்த அதே நாளில். இதைக் காலண்டர் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம்.

8. என் தொழிலில் ஒரு கருவி விசித்திரமான அளவு காட்டினால் முதலில் கேட்பது, எங்கே வைத்து அளந்தாய் என்றுதான். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் வைத்து அளந்தால் எந்தக் கருவியும் உளறும். அதற்காக லிப்ட்டையே கழற்றிப் போடுவதில்லை. அணைத்துவிட்டு மறுபடி அளப்போம். தங்கள் அதிகாரி ஒரே ஒரு முறை அளந்தார். அதுவும் ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில்.

9. ‘ஒரு மூடநம்பிக்கைக்காக ஒரு பெண் தன் திருமணத்தையே மறைப்பாள் என்பது நம்பத்தக்கதாக இல்லை’ என்று அறிவிப்பின் இரண்டாம் பக்கம் சொல்கிறது. எனக்கும் அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் வினிபெக்கில் எத்தனையோ உயரமான கட்டடங்களில் லிப்ட் பொத்தான் பலகையை மாட்டியிருக்கிறேன். பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினான்கு. படித்தவர்கள் கட்டிய கட்டடம், படித்தவர்கள் குடியிருக்கும் கட்டடம். பதின்மூன்று என்று போட்டால் அந்த மாடியை வாடகைக்கு எடுக்க ஆள் வராதாம். அதற்காக அந்த மாடி இல்லை என்று ஆகிவிடுமா? அங்கே ஆட்கள் தூங்குகிறார்கள், சமைக்கிறார்கள், லிப்ட் நின்றுபோனால் எனக்குப் போன் செய்து திட்டுகிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டடங்களைப் போலி என்று எந்த அலுவலகமும் அறிவிப்பு அனுப்பியதில்லை. தங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் பொத்தான் பலகையையும் ஒருமுறை பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

10. மூன்றாவது காரணத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நான் வேலை முடிந்து வரும்போது அங்கே காலை. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பேன். அவள் அங்கே துணி துவைப்பாள். அதிகம் பேசமாட்டோம். பேசினால், “லிப்டுக்கு மட்டும் மில்லிமீட்டர் பாக்குற, அரிசிக்குத் தண்ணி வைக்கத் துப்பில்ல. விரலை விட்டுப் பாருடா” என்பது மாதிரி இருக்கும். எதிரில் இருப்பவளுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஒரே வீட்டில் இருக்கும் தம்பதியரைக் கேட்டுப் பாருங்கள்.

11. அறிவிப்பு வந்த பிறகு எனக்கு அறிவுரைக்குக் குறைவில்லை. இங்கே ஒரு விசா ஆலோசகர் சொன்னார்: “தம்பி, வாபஸ் வாங்கிடு. அடுத்த வருஷம் சர்ச்சுல ஜாம் ஜாம்னு பண்ணு. கேக் வெட்டுற படம், மாமியார் அழுகுற படம் எல்லாம் எடு. புதுசா போடு. அவங்களுக்கு வேண்டியது அதுதான்.” என்னோடு வேலை செய்யும் நண்பன் இன்னும் ஒரு படி மேலே போனான். “உடையை வாடகைக்கு எடுத்து இப்பவே நாலு படம் எடுங்கடா. தேதியை மார்ச்னு மாத்து. டெக்னீஷியன்னு பேரு, இது தெரியாதா?” தெரியும். செய்யமாட்டேன். அப்படிச் செய்தால்தான் ஐயா தங்கள் அறிவிப்பு உண்மையாகும். வாபஸும் வாங்கமாட்டேன். வாங்கினால், மார்ச்சில் நாங்கள் செய்தது நாடகம் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

12. குடும்பத்தினரின் உறுதிமொழி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி நாள் டிசம்பர் 20. அக்காவின் கல்யாணம் 28. தாங்கள் அறியாமல் கேட்டது, அந்தக் குடும்பத்தில் யாராலும் அந்தத் தேதிக்குள் சொல்ல முடியாத ஒன்று. ஆனாலும் போன வாரம் ஜெனலின் அக்காவைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டாள். மெர்லிதா விரல் விட்டு மாதங்களை எண்ணினாளாம். பிறகு கேட்டாளாம்: “மார்ச்லயேவா? அப்ப என் அதிர்ஷ்டத்தைத் தின்னு, ஏப்பமும் விட்டு ஒன்பது மாசம் ஆச்சு. இனிமே ஒளிச்சு என்ன பண்ண? கொண்டா, எங்க கையெழுத்துப் போடணும்?” அவளுடைய உறுதிமொழியும், ஆர்னெலுடையதும் இத்துடன் உள்ளன.

13. என் மாமியாரின் உறுதிமொழி இல்லை. அவரிடம் நானே பேசினேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். “அஞ்சு வருஷம் அத்தை, அஞ்சு வருஷம் அவளை வர விடமாட்டாங்க” என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “உனக்கு அஞ்சு வருஷம் ஜெத்ரோ. எனக்கு ஆயுசு முழுக்க.” அவருக்கும் அவருடைய தங்கைக்கும் ஒரே ஆண்டில் கல்யாணம் நடந்தது. இரண்டாவதாகச் செய்துகொண்டவர் என் மாமியார். அந்த ஆண்டு முடிவதற்குள் தங்கையின் கணவர் மீன் பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. அது புயல் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இப்போது மூத்த மகள் கட்டிக்கொள்வதும் கடலில் வேலை செய்பவரை. “எழுதிக் கொடுத்துட்டா அது நடந்ததாயிடும். கழுதை, இந்த வருஷம் போகட்டும். ரெண்டாந்தேதி காலையில நானே நோட்டரி வாசல்ல உக்காந்திருப்பேன்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

14. ஆகவே கோருவது:

(அ) ஐந்தாண்டுத் தடை விதிக்கும் உத்தேசத்தைக் கைவிட வேண்டும்.

(ஆ) ஜெனலினை மறுபடி விசாரிக்க வேண்டும். முன்கூட்டியே நேரம் சொல்லி, அவளுடைய மொழியில், நேரிலோ தொலைபேசியிலோ. தனியறை வேண்டாம் என்கிறாள். யார் பக்கத்தில் நின்றாலும் இந்த முறை ‘ஆகிவிட்டது’ என்றுதான் சொல்வாளாம்.

(இ) அவள் அன்றே அனுப்பிய மின்னஞ்சல் அன்றே வந்தது என்று கோப்பில் திருத்த வேண்டும்.

(ஈ) என் மாமியாரின் உறுதிமொழியை ஜனவரி 5 வரை ஏற்க வேண்டும். முடியாது என்றால் அது இல்லாமலே முடிவு செய்யுங்கள். ஒரு தாயின் பயத்தை உடைத்து எடுத்த கையெழுத்தைக் கொண்டுவந்து என் மனைவிக்கு விசா வாங்க எனக்கு விருப்பமில்லை. ஜெனலினுக்கும் இல்லை. நிராகரித்தால் மேல்முறையீடு செய்வேன். அதுவும் தோற்றால் இங்கே வேலையை விட்டுவிட்டு அங்கே போவேன். பங்கசினானிலும் லிப்ட்கள் பழுதாகின்றன.

15. பிப்ரவரி 17 அன்று ஊர் சர்ச்சில் எங்களுக்கு மணச் சடங்கு. வெள்ளை உடை, பன்சித், விர்ஜி சித்தியின் பேச்சு எல்லாம் இருக்கும். புகைப்படக்காரரும் வருவார். அந்தப் படங்களில் ஒன்றைக்கூடத் தங்களுக்கு ஆதாரமாக அனுப்பமாட்டேன். அது மாமியாருக்காக நடப்பது, கோப்புக்காக அல்ல. பார்க்க வேண்டும் என்றால் தாங்கள் நேரில் வரலாம். பெண் வீட்டார் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
ஜெத்ரோ பகாதுவான்
ஜெனலின் அக்பயானியின் கணவர்

இடம்: வினிபெக்
நாள்: 11.12.2023

இணைப்பு: திருமணப் பதிவுச் சான்றிதழ், அக்டோபர் மின்னஞ்சலும் அதற்கு வந்த தானியங்கிப் பதிலும், மெர்லிதா அக்பயானி மற்றும் ஆர்னெல் உறுதிமொழிகள்.