மாமாவுக்குப் பாகற்காய்ப் படையல்

என் பாசத்துக்குரிய எதிரி மாமாவுக்கு,

தப்பித்துவிட்டாய். அதுதான் எனக்கு ஆத்திரம். பழி தீர்க்க நான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்ன நியாயம்? அத்தை போன் பண்ணி அழுதபோது, நீதான் பக்கத்தில் உட்கார்ந்து அழச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று சிரித்தேன், தெரியுமா? அதற்கும் சேர்த்து உனக்கு இருக்கிறது.

காலேஜை விட்டுவிட்டுத் தாடியோடு செங்கம் ரோடு ஆசிரமத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரம். உன் ஆட்டோவில் ஏறிய வெள்ளைக்காரர்களிடம் என்னைக் காட்டி, பெரிய மகான், மௌன விரதம் என்று சொல்லியிருக்கிறாய். அவர்கள் வந்து என் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா வாழைப்பழம் வைத்துக் காலைத் தொட்டார். அவர்கள் பாஷை புரியாமல் நான் வாயைத் திறக்கவில்லை. அது உனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. நீ ஆட்டோவுக்குள் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாய்.

"வேலைக்கே போகாம கும்புடு வாங்குற. குடுத்து வச்சவன்டா மாப்ள" என்றாய். அப்புறம் வேலை கேட்டுப் போன கடையிலெல்லாம் "வாங்க சாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் சும்மா விடுமா?

உன் காரியத்துக்கு உனக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும் என்றாள் அத்தை. வெளியில் நீ என்ன விரும்பிச் சாப்பிடுவாய் என்று என்னைக் கேட்டாள். கூடவே சுற்றியவன் நான்தானே. பாகற்காய் என்றேன்.

"அந்த வாசனையே ஆவாதே அவருக்கு."

"ஓட்டல்ல கேட்டுக் கேட்டு வாங்குவாரு அத்த. உன் கைல கசக்குதுன்னு சொல்ல அவருக்கு மனசு வரல."

நம்பிவிட்டாள். இலையில் வடை, பாயசத்துக்கு நடுவே பாகற்காய் வறுவலைக் குவித்தாள். அதையே சோற்றில் பிசைந்து மாடியில் ஒரு இலையில் காக்காய்க்கு வைத்தோம். ஒரு காக்காய் வந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சுவருக்குத் தாவியது. இன்னொன்றும் அப்படியே. உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செத்தும் என் கை சாப்பாடு அவருக்குப் புடிக்கல பாரு" என்று அழுதாள். உனக்கு வீசிய கல் அவள் மேல் விழுந்துவிட்டதே, என்ன செய்வேன்? பொய் சொன்னேன் என்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அறை விழும் என்றுதான் நினைத்தேன்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கல்யாணமான புதுசுல, பொண்டாட்டி ஆட்டோவ தள்ளிக்கினே கிரிவலம் வரணும், எங்க வம்ச வழக்கம்னு சொன்னாருடா உன் மாமா. பாதி வழி, அடி அண்ணாமலை வரைக்கும் தள்ளுனேன். ஊரே பாத்து சிரிச்சிது." இலையைக் காட்டினாள். "அத எடுக்காத. இன்னும் ரெண்டு கரண்டி போடு."

இப்போது நாங்கள் இரண்டு பேர், மாமா. இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் உனக்குப் பாகற்காய்தான். வேறு ஏதாவது வேண்டுமென்றால் நேரில் வந்து கேள்.

உன்னை விடாத அக்கா மகன்,
கார்த்தி