ஆணியில் மாறிய கைக்கடிகாரம்

காலையில் வாட்சுக்குச் சாவி கொடுக்காமல் காபியைக் கையில் வாங்காத என் அப்பாவுக்கு,

அங்கே நேரம் பார்க்கிற வேலை உண்டா அப்பா? இங்கே ஆமத்தூரில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. தீபாவளி சீசன் முடிந்துவிட்டதால் பட்டாசுக் கம்பெனி வேன் பாதி காலியாகத்தான் போய்வருகிறது.

சொல்ல வந்தது உங்கள் வாட்சைப் பற்றி. நீங்கள் போன பிறகு அது பீரோவிலேயே கிடந்தது. போன மாதம் சாவி கொடுத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. உங்களுடையது என்று என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான். விருதுநகருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். பதினேழு கல் வைத்த பழைய உருப்படி, எண்ணெய் காய்ந்திருக்கிறது, கழுவினால் ஓடும் என்றார். மஞ்சள் பூத்த டயலை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். பிறகு பின்மூடியைக் கழற்றிக் காட்டி, "உங்கப்பா பேரு மாரியா?" என்றார். ரிப்பேருக்கு வருகிற வாட்ச் மாறிவிடாமல் இருக்க, மூடியின் உள்பக்கம் ஊசியால் பெயரைக் கீறி வைப்பார்களாம். கருப்பசாமி மகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

நீங்களும் உங்களோடு வேலை பார்த்த மாரி மாமாவும் ஒரே போனஸில் ஒரே மாதிரி வாட்ச் வாங்கியது எனக்கும் தெரியும். மிச்சத்தை அம்மா சொன்னாள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்கு இரும்பு ஆகாது என்று, பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே வாட்சைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவீர்களாம். இரண்டு பேருக்கும் ஒரே ஆணி. உள்ளே போன மாமா வெடி விபத்தில் சிக்கித் திரும்பி வராத அன்று, பதற்றத்தில் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிவிட்டீர்கள். ஆணியில் மிஞ்சியது மாமாவின் மனைவி செல்வி அத்தையிடம் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீங்கள் எடுக்க விட்டதில்லை என்றாள் அம்மா.

ஏன் அப்பா, இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்தவர் வாட்சைக் கட்டிக்கொண்டா என் கல்யாணத்தில் நின்றீர்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் எதிரில் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பீர்கள். யாரிடமும் சொல்லாமல் நானே வைத்துக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வாட்ச் ஓட ஆரம்பித்ததும் விஸ்வநத்தத்துக்குப் போனேன். அத்தைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் அசரவில்லை.

"தெரியும் தாயி. அண்ணன் பத்து நாள் களிச்சு மாத்திக் குடுக்கக் கொண்டாந்தாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அவுக வாட்ச் நிக்கக் கூடாது, எனக்குச் சாவி குடுக்கக் கை வராது, நீங்களே ஓட விடுங்கண்ணேன்னு சொன்னேன்."

கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும், நான் ஒரு நாள் சாவி கொடுக்க மறந்ததற்கு அந்த ஏச்சு ஏசினீர்களே. அது ஏனென்று எனக்கு அங்கேதான் விளங்கியது. அத்தை முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து உங்கள் வாட்சை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். வார் இற்றுப்போயிருந்தது. எந்தக் காலத்தில் நின்றதோ தெரியவில்லை. நான் கொண்டுபோன மாமாவுடையதைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதை விட மனசே வரவில்லை அப்பா. உங்கள் கையில் நான் பார்த்து வளர்ந்தது அதைத்தானே? திருப்பித் தந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரவில்லை.

"எந்தப் பக்கமாத் திருகணும் தாயி?" என்று கேட்டாள்.

காட்டிக்கொடுத்தேன். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அவளே திருகினாள்.

உங்களுடையது இப்போது விருதுநகர் கடையில் இருக்கிறது. அதன் மூடிக்குள் பெயரே இல்லை. உங்கள் பெயரைக் கீறச் சொல்லியிருக்கிறேன். கைக்கு வந்த அன்றிலிருந்து, சாவி கொடுத்த பிறகுதான் காபி குடிப்பேன். மாமாவுடையதை இனி அத்தை பார்த்துக்கொள்வாள். உங்கள் முறை முடிந்தது, நிம்மதியாகத் தூங்குங்கள் அப்பா.

ஒரே ஒரு நாள் மறந்த உங்கள் மகள்,
பேச்சியம்மாள்