கொடிக்கயிறும் காற்றுக் கருவியும்

மார்ச் 4
சிட்டு, இன்றைக்குத்தான் மாடிக்குப் போனேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதற்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. காற்றை அளக்க நீ நட்டுவைத்த கருவி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கென்ன தெரியும்.

மார்ச் 5
மழை. துணி காயவில்லை.

மார்ச் 9
உன் வானிலை ஆபீஸ் மேலதிகாரி வந்தார். ஊருக்கு வெளியே பெரிய கருவி இருக்கிறது, இது தேவையில்லை, மாதக் கடைசியில் ஆள் வந்து கழற்றும் என்றார்.

"என் போர்வைக்கே அவ இடம் கொடுக்கலைங்க. உங்க ஆளுக்கா கொடுப்பா?" என்றேன். பாவம், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் போர்வைச் சண்டை! ஈரத்தோடு கருவி பக்கத்தில் காயப்போட்டுவிட்டேன். ஆபீசிலிருந்து போன் பண்ணினாய். "அம்மா, நம்ம மாடியில மட்டும் காத்தே இல்லைன்னு காட்டுது. என்னத்தத் தொங்கவிட்ட?" உட்கார்ந்த இடத்திலிருந்தே என் போர்வையைப் பிடித்துவிட்டாய். நம்ம ஊர் ஃபேக்டரியில் விஷவாயு கசிந்தால் எந்தத் தெருவுக்குப் போகும் என்று கம்ப்யூட்டர் சொல்லணும், சாயங்காலம் ஆற்றுக்காற்று திரும்புவது தூரத்துக் கருவிக்குத் தெரியாது என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 21
சாயங்காலம் ஃபேக்டரியில் குளோரின் கசிஞ்சிடுச்சு. வாயு கசிந்தால் தப்பிக்கிற ஒத்திகையில் போய்ப் பழகின பள்ளிக்கூடத்துப் பக்கமே எல்லாரும் கிளம்பினோம். தீயணைப்பு வண்டி மறித்து, அங்கே போகாதீங்க, ஆத்துப் பாலத்துக்குப் போங்க என்று மைக்கில் சொன்னது. பக்கத்து வீட்டு அக்கா வழியெல்லாம் தீயணைப்புக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 22
பள்ளிக்கூடத்துச் செடியெல்லாம் வெளுத்துக் கருகிக் கிடக்கிறது. மனுசங்க யாருக்கும் ஒன்றுமில்லை. அக்கா இன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

மார்ச் 23
மேலதிகாரி மறுபடி வந்தார். வாசலிலேயே நின்று, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். "பெரிய கருவிய மட்டும் பாத்திருந்தா பள்ளிக்கூடத்துக்குத்தாம்மா அனுப்பியிருப்போம். உங்க மாடிக் காத்த வச்சு உங்க பொண்ணு எழுதின கணக்குதான் பாலத்தக் காட்டுச்சு."

கருவி இங்கேயே இருக்கட்டுமாம்.

நான் அழவில்லைடி. நிமிர்ந்து நின்றேன். என் மகள்!

மார்ச் 24
நல்ல வெயில். அக்கா தன் போர்வையோடு மாடிக்கு வந்து, கருவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேருமாகக் கொடிக்கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டினோம்.

இவ்வளவு தள்ளிக் கட்டினால் போதுமாடி, சிட்டு?