எலும்பு சூப்பின் இரண்டாவது ஆல்பம்

உனக்குக் கோட்டுப் போட்டுவிட்டார்கள். டையும் கட்டிவிட்டார்கள். நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் வெள்ளை மேகம். போன வாரம் குணா ரெம்பாவில் என் வீடு தேடி வந்து உங்கள் பாட்டுக் குழுவின் புது ஆல்பத்தைக் கையில் கொடுத்தபோது, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழிப்பதற்கு முன்பே உன்னைப் பார்த்துவிட்டேன். மரண அறிவிப்புக்காக போர்டிக்சன் போட்டோக் கடைக்காரர் உன் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து யாருடைய கோட்டின் மேலோ ஒட்டிக் கொடுத்தாரே, அதே படம். நம் பக்கத்தில் செத்தவர்கள் எல்லோருக்கும் மாட்டிவிடுகிற அதே கோட்டு. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவருக்கும் அதுதான், லாரி ஓட்டியவருக்கும் அதுதான். உனக்குத் தோளில் தொளதொளவென்று நிற்கிறது.

"கேட்டுட்டுச் சொல்லு சுமதி. நீ சொன்னாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்றான் குணா. கிட்டார் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அட்டையின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அட்டைக்கு ஏன் இந்தப் படம் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் கண்ணைப் பார்த்ததும் தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான் ஓட்டுகிற பள்ளி வேனில் வந்த பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதை சி ரூசா கடற்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் மரநிழலில் நிறுத்தி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டேன். கேட்டதை குணாவிடம் சொல்ல முடியவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ ஒருவன்தான் நான் திட்டினால் சந்தோஷப்படுகிறவன்.

உனக்கு நினைவிருக்கும், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். நீ டெத் மெட்டல் பாட்டுக் கேட்க ஆரம்பித்து, அந்த மாதிரி வயிற்றிலிருந்து உறுமிப் பழகிய காலத்தில் எங்கள் அப்பா கையில் விளக்குமாற்றோடு கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யார் வீட்டு மாடோ கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று அவருக்குக் கவலை. அவரிடம் நான்தான் சொன்னேன், மாடில்லை, பக்கத்து வீட்டுப் பையன் பாடுகிறான் என்று. அவர் நம்பவேயில்லை. அன்றிலிருந்து எனக்கு இதே வேலையாகிவிட்டது. உனக்காக ஊரிலுள்ள எல்லோரிடமும் வாதாடினேன். இவன் கோபத்தில் கத்தவில்லை, இவனுக்குப் பேய் பிடிக்கவில்லை, இது பாட்டு, இதிலே வார்த்தை இருக்கிறது, கவனித்துக் கேட்டால் சிரிப்பு வரும்.

ஆனால் அந்த வார்த்தை என் காதுக்கு மட்டும்தான் பிடிபட்டது. குணாவுக்கே பாதிதான் புரியும். அதனால்தான் பாட்டு எழுதும்போதெல்லாம் எனக்குப் போன் அடிப்பாய். எடுத்தவுடன் வணக்கம் கிடையாது, ஒரே உறுமல். நான் சொல் பிரித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சிரிச்சியா?" என்பாய். சிரித்தேன் என்றால் அந்த வரி நிற்கும், இல்லையென்றால் அதோடு போயிற்று. எலும்பு சூப் என்று பேர் வைத்துக்கொண்ட அந்த நான்கு பேர் குழுவில் எனக்கு ஒரு வாத்தியமும் இல்லை. ஆனாலும் என் சிரிப்பு இல்லாமல் ஒரு வரியும் அதில் ஏறியதில்லை என்று நான் இன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் ஆல்பத்துக்கு 'பேய்க்கும் லீவு வேணும்' என்று பேர் வைத்தோம். தோட்டத்து மண்டபத்திலேயே பதிவு செய்ததால் மேலே கிறீச்சிடும் மின்விசிறியும், தூரத்தில் குரைக்கிற நாயும் பாட்டோடு கேட்கும். உலகம் அழியப்போகிற மாதிரி முரசு, நரகத்திலிருந்து வருகிற மாதிரி உன் குரல், ஆனால் விஷயம் என்னவென்றால் கோயில் வாசலில் உன் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான். 'கமிட்டி மீட்டிங்' என்ற நீளமான பாட்டில் கடைசி வரைக்கும் எதுவுமே முடிவாகாது, தேத்தண்ணி யார் வாங்குவது என்பதைத் தவிர. 'ஈரத் துண்டு' பாட்டு முழுக்க உன் அம்மாவின் வசவு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டதற்கு அவர் திட்டிய திட்டை அவர் வீட்டிலேயே நீ உறுமிப் பழகினாய். அவர் அடுப்படியிலிருந்து, சத்தத்தைக் குறை என்பார். தான்தான் அந்தப் பாட்டை எழுதியவர் என்று அவருக்குத் தெரியாது.

ஆற்றங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் உன்னிடம் வந்து, எவ்வளவு கோபப்பட்டால் இந்தக் குரல் வரும் என்று கேட்டான். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "கோவப்பட்டா தொண்டை கிழிஞ்சிரும்லா. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே வயித்துலேர்ந்து விடணும்." அவன் நீ விளையாடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான். அதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். உறுமும்போது கன்னம் இரண்டும் மேலே ஏறியிருக்கும்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தோட்டத்தில் எல்லோரும் வீட்டைக் காலி செய்து டவுனுக்குக் குடிபோன அதே சமயத்தில்தான் நீயும் டயாலிசிஸ் மெஷினில் படுக்க ஆரம்பித்தாய். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கருவாடு கூடாது. அதையெல்லாம் நீ பொறுத்துக்கொண்டாய். தண்ணீரைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை. உடம்பில் தங்கினால் நெஞ்சில் ஏறிவிடும் என்று டாக்டர் ஒரு அளவு சொல்லியிருந்தார். உன் அம்மா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வைப்பார், அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான். நீ கெஞ்சினால் ஒரு ஐஸ் கட்டி. அதைப் பல்லில் வைத்துக் கடகடவென்று தட்டி, இதுதான் அடுத்த ஆல்பத்துக்கு முரசு என்று என்னிடம் காட்டினாய். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் போத்தலுக்காகப் போட்ட சண்டை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் நீ கேட்டிருக்கிறாய். போத்தல் காலியாகிவிட்டது. நாளைக்கு மெஷினுக்குப் போய்வந்து குடிக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் உன்னை எழுப்பினார், நீ எழவில்லை. இதை உன் அம்மாவே சாவு வீட்டில் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். தண்ணி கேட்டான், நான் குடுக்கல. வேறு எதையும் அவர் சொல்லவில்லை.

ஆல்பத்துக்கு வருகிறேன். 'ரெண்டாவது மங்கு' என்ற பேரை, எலும்பு சூப்பில் இரண்டாவது கிண்ணம் என்று, நீயே வைத்திருந்தாய். நல்லவேளை, அதை மாற்றவில்லை. சிரம்பானில் நல்ல ஸ்டூடியோவில் செய்திருக்கிறார்கள். முரசு சுத்தமாகக் கேட்கிறது, ரொம்பச் சுத்தமாக. மின்விசிறியும் இல்லை, நாயும் இல்லை. நீ பாடி வைத்துவிட்டுப் போன பாட்டுகள் கொஞ்சம்தான். கல்யாண வேன் வழி தப்பிச் செம்பனைக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளுகிற பாட்டு அருமை. அதைக் கேட்டு வேனுக்குள் தனியாகச் சிரித்தேன். வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

மீதியை ஒரு புதுப் பையனை வைத்துப் பாட வைத்திருக்கிறார்கள். அவனுக்குத் தொண்டை இருக்கிறது, மூச்சும் இருக்கிறது, ஆனால் அவனுக்குக் கோபம் வருகிறது. அதுதான் கோளாறு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மழை வந்து சத்தே இறைச்சிக் குச்சியெல்லாம் நனைகிற பாட்டில் அவன் உண்மையிலேயே கொதிக்கிறான். உன் மேல் இருக்கிற மரியாதையில் இரண்டு கிண்டல் வரிகளை எடுத்தும் விட்டான். எல்லோரும் உன் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஆல்பமே குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் உறுமுகிறது. யாரையும் குறை சொல்ல முடியவில்லை, அவர்கள் அழுதுகொண்டே செய்திருக்கிறார்கள். சிரிப்பு ஆல்பத்தை அழுதுகொண்டே செய்தால் என்ன வருமோ அதுதான் வந்திருக்கிறது.

கடைசிப் பாட்டு உன்னுடையது. அதற்கு அடியில் குணா வயலின் போட்டிருக்கிறான். அது நீ எங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போன பிரியாவிடை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வார்த்தை புரியவில்லை. எனக்குப் புரியும், நீ அதைப் போனில் உறுமிக் காட்டியபோது வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். உன் சாவு வீட்டைப் பற்றி நீயே செய்த நையாண்டி அது. உறுமி மேளக்காரரின் தாளம் தப்பு என்று பாடையில் கிடந்தபடியே திருத்துகிறாய். பிண வேனில் முன் சீட்டுக்கு மாமாவும் சித்தப்பாவும் அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம், முடிகிற இடத்தில், திரும்பத் திரும்ப ஒரே வரி. அம்மா, இப்பதான் செத்துட்டேன்ல, இப்பவாச்சும் ஒரு கிளாஸ் தண்ணி குடு.

நீ அதை எழுதியபோது அது நகைச்சுவை. உயிரோடு இருந்துகொண்டு சொன்னாய், அதனால் சிரித்தேன். இப்போது வயலினோடு வருகிறது. அடுத்த மாதம் உன் ஆண்டுத் திதிக்குக் கோயில் மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்து இந்தப் பாட்டைப் போடப் போகிறார்களாம். உன் அம்மாவுக்காக என்றுதான் குணா சொன்னான். அதற்கு முன்னால் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று முந்தாநாள் போனேன். என்ன செய்யலாம் என்று ஒரு திட்டமும் இல்லாமல்தான் போனேன். அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் அத்தை என்று சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

எனக்கு முன்னாலேயே குணா போயிருக்கிறான். கூடத்தில் உன் கோட்டுப் படத்துக்குக் கீழே புது பிளேயர். உன் அம்மா அதன் பக்கத்தில் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் கடைசிப் பாட்டுத்தான். அவரே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், வா என்றுகூடச் சொல்லவில்லை.

"உனக்குத்தான் இவன் பேச்சு வெளங்குமே. கடைசில என்னா கேக்குறான்?"

உங்களை வாழ்த்திப் பாடுகிறான் அத்தை, அம்மா நல்லா இருக்கணும் என்கிறான் என்று சொன்னேன். நான் சொன்ன அதே நேரத்தில் அந்த வரி மறுபடியும் வந்தது. அவர் கீரையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"பொய் சொல்லாத. தண்ணிங்கிறது எனக்குக் கேக்குது."

இவ்வளவு காலம் உன் பாட்டில் ஒரு சொல்லும் பிடிபடாதவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் பிடிபட்டுவிட்டது. அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. முழுதாகச் சொன்னேன். முன் சீட்டுச் சண்டையையும் சொன்னேன், உறுமி மேளக்காரரையும் சொன்னேன், சிரிப்புக்காகத்தான் அத்தை, நான்கூட அப்போது சிரித்தேன் என்றேன். ஒரு வேளை அவரும் சிரித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. மாமா பெயர் வந்தபோது உதடு கொஞ்சம் அசைந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். அதோடு சரி.

"கோவமாக் கேக்குறானா?"

இல்லை அத்தை, சத்தியமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்கிறான் என்றேன். எங்கள் அப்பாவில் ஆரம்பித்து எத்தனை பேரிடம் இதையே வாதாடியிருக்கிறேன். குரல் அப்படி இருக்கும், ஆள் அப்படி இல்லை என்று. எத்தனையோ பேரை நம்ப வைத்திருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் அது பொய் மாதிரியே வந்தது. அவர் பிளேயர் பக்கம் காதைச் சாய்த்தார். உன் குரல் அந்தச் சின்னக் கூடம் முழுக்க உருண்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சிரிச்சுக்கிட்டுக் கேக்குறவன் ஏம்மா இப்படிக் கத்துறான்?" என்றார்.

குணா இன்று காலையிலும் ஆல்பம் எப்படி என்று செய்தி அனுப்பியிருக்கிறான். அவனுக்கு என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதுகூடப் பரவாயில்லை. வேனை ஓட்டும்போதும், பிள்ளைகள் ஏறி இறங்கும்போதும், உன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த வரியைப் பாடும்போது உன் கன்னம் மேலே ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது ஆல்பத்தில் கேட்காது. அது தெரிந்த ஒரே ஆளாக நான் மிஞ்சியிருக்கிறேன், அதை அவருக்குக் கேட்க வைக்க என்னால் முடியவில்லை.